கரையைத் தொட்டுத் திரும்பிய பறவை

அத்தியாயம் 17

பிறந்தநாளுக்குள் பதில் வேண்டும் என்று ஷோனா கேட்டுவிட்டுச் சென்று ஏழு நாள்கள் கழிந்திருந்தன. இன்று அந்தப் பிறந்தநாள்.

கேட்கப்பட்டவள் நையோ. இன்றோடு அவளுக்குப் பதினொரு வயது நிறைகிறது. கேட்டவள் அவளைப் பெற்றவள்; ரேவியின் முதல் மனைவி. குழந்தைக்கு ஐந்து வயது நிறையுமுன் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனவள், இப்போது பிரிஸ்பேனில் நிலையான வேலையும் மகளுக்கென்று தனியறையும் தேடிக்கொண்டு திரும்பி வந்திருந்தாள். பள்ளி திறப்பதற்குள் தன்னோடு வந்துவிட மகளுக்குச் சம்மதமா என்பதே அவளது கேள்வி. மகள் சொல்வதே முடிவு என்று ரேவி ஒதுங்கிக்கொண்டான்.

ரேவியின் இரண்டாம் மனைவி மெரியானாவை எவரும் எதுவும் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகளாக அச்சிறுமிக்குத் தலை வாரிவிட்டவள் அவள். காய்ச்சல் கண்டபோது உடனிருந்தவள் அவள். நையோ ஏறிச்செல்லும் பள்ளிப் பேருந்தை நாள்தோறும் ஓட்டுபவளும் அவளே. ஆயினும் இந்த வழக்கில் அவள் ஒரு சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை.

காலையில் ஷோனா விடுதியிலிருந்து வந்தாள். அவள் கொணர்ந்த பரிசு நீரில் நனைந்தாலும் பழுதாகாத கைக்கடிகாரம். மெரியானா வாங்கி வைத்திருந்ததோ தரமான மழைச்சட்டை. வளரும் பிள்ளையாயிற்றே என்று ஓரளவு பெரிதாகவே வாங்கியிருந்தாள். நையோ சட்டையை அணிந்து பார்த்து, கை நீளமாக இருக்கிறது என்று சிரித்து, அழகாக மடித்து வைத்தாள். கடிகாரத்தைக் கழற்றவேயில்லை. மடித்து வைத்த நேர்த்தியைப் பார்த்தபோதுதான் மெரியானாவுக்கு வயிறு எரிந்தது. பிடித்த பொருளை எந்தப் பிள்ளையும் மடித்து வைப்பதில்லை.

ஆண்டுதோறும் இந்த நாளில் அவர்கள் டாசன் குடாவுக்குப் போவார்கள். மஞ்சள்கண் பென்குயின்கள், அதாவது ஊரார் ஹோய்ஹோ என்றழைக்கும் பறவைகள், கடலிலிருந்து கரையேறுவதைக் காண்பதற்காக. அது மெரியானா தொடங்கிவைத்த வழக்கம். தாய் இல்லாத முதல் பிறந்தநாளில் நையோ காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தபோது, பறவை பார்க்கப் போகலாம் வா என்று அவள்தான் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அன்று ரேவி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றான். அந்த வழக்கம் ஒன்றாவது தனக்கே உரியது என்று ஆறு ஆண்டுகளாக அவள் நம்பியிருந்தாள்.

இம்முறை ஷோனாவும் வந்தாள். நையோ அவளுடைய வாடகைக் காரில் ஏறிக்கொண்டாள். ரேவியின் வண்டி பின்தொடர்ந்தது. முன்னே செல்லும் காரின் கண்ணாடி வழியே இரண்டு தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சிரிப்பதை வழி நெடுகிலும் மெரியானா பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ரெண்டு பேருக்கும் கழுத்து ஒரே அச்சு" என்றான் ரேவி.

"பெத்தவளாச்சே. கழுத்தையாவது குடுத்துட்டுப் போனாளே" என்றாள் மெரியானா.

ரேவி கியரை மாற்றினான். விடியுமுன் படகெடுத்து, மீன் இறக்கி, குளித்த கையோடு வந்திருந்தான். குடாவின் மேட்டில் வண்டியை நிறுத்தியதும், அரைமணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு வருவதாகச் சொல்லி இருக்கையைச் சாய்த்துக்கொண்டான். இரண்டு பெண்களுக்கு நடுவே உட்காருவதைவிடத் தூக்கம் அவனுக்குப் பாதுகாப்பாகத் தோன்றியிருக்க வேண்டும்.

மேட்டிலிருந்து, பறவைகளை ஒளிந்து பார்க்கும் மறைப்புக்கு இறங்கும் பாதையில் மரப்படிகள் உண்டு. மூன்றாவது படி பல ஆண்டுகளாகவே உடைந்திருந்தது. வாள் வாளாய் இலை நீட்டிய புதர் அதை மூடிக்கிடந்தது. புதிதாக வருபவர் எவரும் அதில் கால் இடறாமல் இறங்கியதில்லை. மெரியானா எச்சரிக்க வாயெடுத்தாள். அதற்குள் ஷோனா பேச்சை நிறுத்தாமலே, கீழே குனிந்து பார்க்காமலே, அந்தப் படியைத் தாண்டிக் கால் வைத்தாள்.

மெரியானா நின்றுவிட்டாள்.

இங்கே முன்பு வந்ததுண்டா என்று அவள் கேட்டபோது குரல் இயல்பாகத்தான் வந்தது. ஷோனா திரும்பிப் புன்னகைத்தாள்.

"இந்தப் பலகை எல்லாம் நானும் ரேவியும் அடிச்சதுதான். நையோ வயித்துல இருந்தா. ஆணியை நான் வாயில கவ்விக்கிட்டு நிப்பேன், அவரு திட்டுவாரு. சொல்லலையா உங்ககிட்ட?"

சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ரேவி பார்த்த அந்த ஒரு மாதிரியான பார்வையின் பொருள் அந்தப் படிக்கட்டில் மெரியானாவுக்கு விளங்கிற்று. தன்னுடையது என்று அவள் எண்ணியிருந்த வழக்கத்தின் ஒவ்வொரு பலகையிலும் இன்னொருத்தி வாயில் கவ்விய ஆணி இறங்கியிருந்தது.

"மறந்திருப்பாரு. அவருக்கு ஞாபகம் வச்சுக்கிற மாதிரி எதுவும் தோணல போல" என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகு நாவு கசந்தது.

மறைப்பு என்பது நான்கு பேர் அமரக்கூடிய பலகைக் கூண்டு. கடலை நோக்கி நீளவாக்கில் ஒரு திறப்பு. அவ்விடத்திற்கென்று சில விதிகள் இருந்தன. மெரியானா அவற்றை மதித்துப் போற்றி வந்தாள். பிற்பகல் நான்கு மணிக்குமேல் எவரும் மணலில் கால் வைக்கக் கூடாது. அதற்கு முன்னர் இறங்கலாம். ஆனால் மறைப்பில் ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். கடலில் ஹோய்ஹோவின் தலை தென்பட்டவுடன் காவலர் ரேவியின் பழைய ஆரஞ்சு நிற மழைக்கோட்டைத் துடுப்பின் முனையில் மாட்டி உயர்த்த வேண்டும். கீழே இருப்பவர்கள் அடிக்கடி மேலே திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கோட்டைக் கண்டதும் மறுபேச்சின்றி மணல்மேட்டுக்குப் பின்னே ஒதுங்க வேண்டும். மனித உருவம் கண்ணில் பட்டால் அப்பறவை கரையேறாது. தொண்டை நிறைய மீனோடு கடலிலேயே மிதந்துகொண்டிருக்கும். அதுவரையில் குஞ்சு பட்டினி கிடக்கும்.

இன்னொரு விதி நோட்டுப்புத்தகத்தைப் பற்றியது. பறவையைக் கண்ட நேரத்தைக் கண்டவுடன் எழுத வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. பருவ முடிவில் பறவைக் காவலர்கள் வந்து அதை வாங்கிச் செல்வார்கள். சென்ற ஆண்டு குடாவில் மூன்று கூடுகள் இருந்தன. இவ்வாண்டு ஒன்றே ஒன்று. அதிலும் ஒற்றைக் குஞ்சு. கூண்டுக்கு இடப்புறப் புதருக்குள் அது அவ்வப்போது முனகுவது கேட்டது.

ஷோனாவும் நையோவும் சிப்பி பொறுக்க இறங்கினர். மெரியானா காவல் இருப்பதாகச் சொன்னாள். எப்போதும் அவள்தான் காவல். காவலுக்கு அவளை விட்டால் ஆளில்லை என்று ரேவி பெருமையாகச் சொல்வதுண்டு.

மடியில் கோட்டு. பக்கத்தில் துடுப்பு. சுவரில் சாய்ந்த நோட்டுப்புத்தகம், அதன் கயிற்றில் பென்சில். கீழே, ஈர மணலில், இரண்டு உருவங்கள்.

ஷோனா எதையோ சொன்னாள்; நையோ சிரித்தாள். ஷோனா மகளின் தலைமுடியைக் காதுக்குப் பின்னே ஒதுக்கினாள், நையோ விலகவில்லை. மெரியானா ஒதுக்கினால் ஒவ்வொரு முறையும் விலகுவாள், நான் என்ன சின்னப் பிள்ளையா என்பாள். ஒரு ஹோய்ஹோ இன்னொரு ஹோய்ஹோவின் கண்ணில் படும்படி கூடு கட்டுவதில்லை. நடுவே புதரோ மேடோ இருந்தால்தான் இரண்டும் வாழும். பறவைக்கு இருக்கும் அறிவு ரேவிக்கு இல்லாமல் போயிற்றே என்று மெரியானா மனத்துக்குள் பொருமினாள்.

அப்போது தென்புறப் பாறைக்கு அப்பால் ஒரு கரும்புள்ளி எழுந்தது. மூழ்கிற்று. மீண்டும் எழுந்தது.

அவளுடைய வலக்கை தானாகவே பென்சிலை எடுத்தது. 3.42. ஒன்று. பாறைக்கு வெளியே. ஆறு ஆண்டுப் பழக்கம். எழுதியதை அவள் உணரக்கூட இல்லை.

இடக்கை துடுப்பை எடுத்திருக்க வேண்டும்.

கீழே ஷோனா மண்டியிட்டிருந்தாள். மகளின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். நையோ தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்விதான் மறுபடியும் கேட்கப்படுகிறது என்று மெரியானா அறிந்துகொண்டாள். அத்தனை தொலைவிலும் அது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

கோட்டு மடியிலேயே கிடந்தது. பறவை வரட்டும் என்று அவள் நினைத்தாள். வந்து, இவளைக் கண்டு, திரும்பிப் போகட்டும். நல்ல நாளைக் கெடுத்தவள் யாரென்று பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும். ஒரு கணம்தான் அப்படி நினைத்தாள். ஆனால் அந்தக் கணத்தை விட்டு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. புள்ளி தலையாயிற்று. தலையில் மஞ்சள் பட்டை தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அலையொன்று அதைக் கொணர்ந்து மணலில் நிறுத்திவிட்டு வடிந்தது. ஹோய்ஹோ சிறகுகளை விரித்து உதறிற்று. இரண்டடி வைத்தது. இருபது அடி தொலைவில் மண்டியிட்டிருந்த ஷோனாவைக் கண்டது. அப்படியே உறைந்தது.

நையோதான் முதலில் பார்த்தாள். தாயின் தோளை அழுத்தி மணலோடு மணலாகப் படுக்கவைத்தாள். பயனில்லை. பறவை வயிற்றின்மேல் விழுந்து, சறுக்கி, அடுத்த அலைக்குள் போய்விட்டது.

புதருக்குள் குஞ்சு கத்திற்று. தாயின் வரவை அது எப்படி அறிந்ததோ.

இருவரும் தவழ்ந்து மணல்மேட்டைக் கடந்து மேலே வந்தபோது நையோவின் முன்புறம் முழுவதும் ஈர மணல் அப்பியிருந்தது. அவள் முதலில் மெரியானாவின் மடியைத்தான் பார்த்தாள்.

"நீ பார்க்கலையா, மெரி?"

மெரியானா பதில் தேடுவதற்குள் ஷோனா முந்திக்கொண்டாள்.

"அவங்க வேற பக்கம் திரும்பியிருப்பாங்க, நையோ. விடு. நான்தான் உன்னை அங்க இழுத்துட்டுப் போனேன்."

இவள் என்னைக் காப்பாற்றுகிறாளா என்று மெரியானாவின் உடல் கூசிற்று. ஆனால் நீட்டப்பட்ட கையை அவள் பிடித்துக்கொண்டாள். தேநீர்க் குடுவையைத் திறந்துகொண்டிருந்ததாகவும், மூடி இறுகிக் கிடந்ததாகவும், அந்த நேரத்தில் கவனிக்கவில்லை என்றும் சொன்னாள். குடுவை திறக்கப்படாமலே மூலையில் இருந்தது.

நையோ அதைப் பார்க்கவில்லை. விதிப்படி நோட்டுப்புத்தகத்தை எடுத்தாள். வந்து திரும்பிய பறவையை எழுத வேண்டுமல்லவா. தாளைத் திருப்பினாள். பென்சில் தாளைத் தொடுமுன் நின்றது.

3.42. ஒன்று. பாறைக்கு வெளியே. மெரியானாவின் உருண்டையான கையெழுத்து.

புதிய கடிகாரத்தைச் சிறுமி பார்த்தாள். மணி நான்காகியிருந்தது.  மெரியானா அந்த முகத்தைக் காய்ச்சலில் பார்த்திருக்கிறாள், பல் பிடுங்கிய நாளில் பார்த்திருக்கிறாள். இப்படி அது வெளுத்துப் பார்த்ததில்லை. ஷோனாவும் தோளுக்கு மேலே எட்டி அந்த வரியைப் படித்துவிட்டாள். படித்துவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

"இனிமே யாரும் பேசக்கூடாது. பசிக்குதுன்னு அதுக்குத் தெரியும். திரும்பி வரும்" என்றாள் நையோ.

மூவரும் வரிசையாக அமர்ந்தனர். நடுவே நையோ. ஐந்து மணியாயிற்று. குளிர்ந்த தென்காற்று பலகை இடுக்குகளில் புகுந்து முழங்காலைக் குத்தியது. ஷோனா பையிலிருந்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ரொட்டிகளான சீஸ் ரோல்களை எடுத்து ஒன்றை மகளுக்கும் ஒன்றை மெரியானாவுக்கும் நகர்த்தினாள். அவை ஆறிப்போயிருந்தன. குஞ்சு கத்தும்போதெல்லாம் மெரியானாவால் விழுங்க இயலவில்லை. கத்தி ஓய்ந்தபோது அதைவிட மோசமாக இருந்தது.

பேசுவதற்குத் தடை. ஆனால் எழுதுவதற்குத் தடை இல்லை. ஆறு மணி அளவில் அவள் கைநீட்டி நோட்டுப்புத்தகத்தை எடுத்தாள். தனது வரிக்குக் கீழே எழுதினாள். காவலர் கோட்டை உயர்த்தவில்லை. வேண்டுமென்றே. மெரியானா. பறவைக் காவலர்கள் படிப்பார்கள். அவர்களில் இருவரின் பிள்ளைகள் அவளது பேருந்தில் வருகிறார்கள். எழுதியதை அடிக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. அவள் அதை நையோவின் மடியில் வைத்தாள்.

நையோ படித்தாள். நெடுநேரம் படித்தாள், அத்தனை நேரம் படிப்பதற்கு அங்கே சொற்கள் இல்லை. பின்னர் அதை மறுபக்கம் ஷோனாவிடம் தள்ளினாள்.

ஷோனா படித்ததும் தடையை மீறி மெல்லச் சொன்னாள்.

"நானும் மேல திரும்பிப் பார்க்கல. பார்த்தா கோட்டு தெரியும். தெரிஞ்சா இவளை நீங்க மேல கூப்பிட்டுக்குவீங்க. எனக்கு அந்த அஞ்சு நிமிஷம் வேண்டியிருந்தது."

நையோ உதட்டில் விரல் வைத்தாள். ஷோனா அடங்கினாள். மெரியானாவோ அடங்கவில்லை, உள்ளே மறுபடியும் புகைந்தது. தன்னந்தனியாகச் சுமக்கத் துணிந்த குற்றம் அது. அதிலும் பாதியைக் கேட்டு வந்துவிட்டாளே இவள்.

ஆறு ஐம்பதுக்கு அது வந்தது. இம்முறை வடபுறமாக, யாரும் எதிர்பாராத இடத்தில். அலை வடிந்ததும் அசையாமல் நின்று கடற்கரை முழுவதையும் ஒரு முறை பார்த்தது. மூன்று பேரும் மூச்சை அடக்கினர். பறவை முன்னே சாய்ந்து, ஒரு வயதான மனிதரைப் போலக் கைகளைப் பின்னே தள்ளிக்கொண்டு, மணலைக் கடந்தது. கூண்டுக்கு அடியில், அவர்கள் எட்டினால் தொடக்கூடிய தொலைவில், ஏறிப் போயிற்று. புதருக்குள்ளிருந்து எழுந்த கூச்சல் காதைத் துளைத்தது. பிறகு சட்டென்று நின்றது. குஞ்சின் வாயில் மீன் போயிருந்தது.

ஷோனா அழுதுகொண்டிருந்தாள். மெரியானாவும் அழுதாள், ஆனால் அவள் அழுவதைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டாள்.

நையோ எழுதினாள். 6.50. ஒன்று. கரையேறியது. பென்சிலைக் கயிற்றில் சரியாகச் செருகினாள்.

பாதையில் ஏறும்போது ஷோனா பையோடு முன்னே சென்றாள். நையோ வேண்டுமென்றே பின்தங்கினாள். உடைந்த படிக்கு மேலே நின்று மெரியானாவுக்காகக் காத்திருந்தாள்.

"அம்மா கீழ வச்சு மறுபடி கேட்டாங்க" என்றாள்.

"தெரியும்."

"அப்ப எனக்குப் பதில் தெரியல. நீ எழுதினதைப் படிச்சப்பதான் தெரிஞ்சது."

மெரியானா படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.  நான் செய்ததற்காகவா என்று மட்டும் கேட்டாள்.

"எதுக்காகன்னு கேக்காத, மெரி. அப்பாகிட்டதான் முதல்ல சொல்லுவேன். உங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட முதல்ல சொன்னாலும் இன்னொருத்தர் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவீங்க."

மெரியானா உடைந்த படியைத் தாண்டிக் கால் வைத்தாள்.

நையோ ஓடிப்போய் வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள். ரேவி விழித்து, சோம்பல் முறித்து, கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறிச் சாத்திக்கொண்டாள். காற்றுக்காக அவன் இறக்கி வைத்திருந்த கண்ணாடியை அவளே மேலே ஏற்றினாள்.

ஷோனா தன் கார் அருகே நின்றாள். மெரியானா பாதை முடியுமிடத்தில் நின்றாள். இருவருக்கும் இடையே நாலைந்து அடி. கண்ணாடிக்கு உள்ளே சிறுமியின் உதடுகள் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. பிறந்தநாள் பெண்ணின் பறவைக் கதை என்று எண்ணி ரேவி முதலில் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிப்பு நின்றது. அவன் ஏதோ கேட்டான். அவள் தலையசைத்தாள். மறுபடியும் கேட்டான். மறுபடியும் அதே தலையசைப்பு.

"என்ன சொல்றா?" என்றாள் ஷோனா.

"உங்க மகதானே. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மெரியானா.

ஷோனா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியல, மெரி. அவ முகத்தைப் படிக்க உங்களுக்குத்தான் தெரியும்."

மெரியானா படிக்க முயன்றாள். மாலை வெயில் கண்ணாடியில் பட்டு முகத்தை மறைத்தது.

ரேவி மகளின் தலையைத் தன் மார்போடு ஒரு முறை அணைத்தான். பின்னர் கதவைத் திறந்து இறங்கினான். அவனை இருவரும் நன்கு அறிவர். வெற்றி பெற்றவரைத் தேடிச்சென்று வாழ்த்துகிற மனிதன் அல்லன் அவன். அடிபட்டவரைத் தேடித்தான் முதலில் போவான். ஆகவே அவன் எவளிடம் வருகிறானோ, அவள்தான் தோற்றவள்.

புல்லின்மேல் அவன் நடக்கத் தொடங்கினான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினர்.